பழைய பெயரில் வந்த புதிய நோய்

பேராக் மாநிலத்தின் ஈப்போ வட்டாரத்தில், 1998ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தொடங்கி, பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். கடுமையான காய்ச்சல், தலைவலி, மயக்கம், சிலருக்கு வலிப்பு, பின்னர் நினைவிழப்பு. மூளை வீங்கியிருக்கிறது என்பதில் மருத்துவர்களுக்கு ஐயமில்லை. எதனால் வீங்கியது என்பதற்கும் ஒரு விடை கையிலேயே இருந்தது. அந்த விடை தவறு என்று நிறுவப்படுவதற்கு 1999 மார்ச் வரை ஆயிற்று. அதற்குள் நோய் மூன்று மாநிலங்களில் பரவிச் சிங்கப்பூரையும் தொட்டுவிட்டது. எல்லாம் அடங்கியபோது நம் நாட்டில் 265 பேர் நோயுற்றிருந்தனர். அவர்களுள் 105 பேர் இறந்திருந்தனர்.

அதுதான் நிப்பா. என் வயதை ஒத்தவர்கள் அப்போது பிறந்திருக்கவில்லை. பெரியவர்களின் பேச்சு வழியாகத்தான் அந்த மாதங்கள் நமக்குத் தெரியும். அவர்கள் அதனை எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? சிரம்பானில் வாழும் என் பாட்டி இன்றும் "ஜே.ஈ. வந்த வருஷம்" என்றுதான் சொல்வார். ஜே.ஈ. என்பது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். அது வேறு நோய். கால் நூற்றாண்டு கடந்த பின்பும் பழைய பெயர் போகவில்லை.

அறிந்த ஒரு நோயின் பெயர் அறியாத ஒரு நோயை எப்படி மறைத்தது, அந்த மறைப்பு எப்படி விலகியது என்பதையே இக்கட்டுரையில் ஆராய விழைகிறேன். மருத்துவமும் உயிரியலும் பயில்வோர்க்கு மட்டும் உரிய செய்தியாக இதனை நான் கருதவில்லை. நம் குடும்பங்களில் பல தோட்டத்திலிருந்து வந்தவை. ஆடு, மாடு, கோழி, நாய் இல்லாத லயம் இருந்ததில்லை.

சொல்லும் பொருளும்

விலங்கிலிருந்து மனிதனுக்குத் தாவும் நோயைச் சூனோசிஸ் என்பர். விலங்கு, நோய் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. தமிழில் 'விலங்குவழி நோய்', 'விலங்குவழித் தொற்று', 'விலங்கியல் நோய்' எனப் பலவாறு எழுதுகின்றனர். இவற்றுள் கடைசிச் சொல் எனக்கு உடன்பாடானதன்று. விலங்கியல் என்பது விலங்குகளைப் பற்றிய கல்வி. கல்வியால் நோய் வருவதில்லை (தேர்வுக் காலத்தில் வேண்டுமானால் வரலாம்). 'விலங்குவழி நோய்' என்பதில் 'வழி' என்ற சொல் இருக்கிறது. இந்த நோய்களைப் புரிந்துகொள்ள நாம் தேட வேண்டியதும் அந்த வழியைத்தான். கடியா, பாலா, சிறுநீர் கலந்த தண்ணீரா, இடையில் ஒரு கொசுவா என்பதைப் பொறுத்தே தடுப்பு முறை அமையும். வழி தவறாகக் கணிக்கப்பட்டால் தடுப்பும் தவறிவிடும்.

இத்தகைய நோய்கள் அரியவை என்று எண்ணிவிட வேண்டாம். 2001ஆம் ஆண்டில் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதனுக்கு நோய் தரும் 1,415 கிருமி இனங்களைப் பட்டியலிட்டனர். அவற்றுள் 868, அதாவது 61 விழுக்காடு, விலங்குகளிடமிருந்து வரக்கூடியவை. புதிதாகத் தலையெடுத்தவை என்று அவர்கள் வகைப்படுத்திய 175 இனங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த விகிதம் 75 விழுக்காடாக உயர்கிறது.

கையிலிருந்த விடை

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நம் நாட்டிற்குப் புதிதன்று. கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிடம் வாழும் அந்த வைரஸைக் கியூலெக்ஸ் வகைக் கொசு பன்றிக்குக் கொண்டுசெல்லும். பன்றியின் உடலில் அது பல்கிப் பெருகும். அதே கொசு மனிதனைக் கடித்தால் மனிதனுக்கும் வரும். எனவே பன்றிப் பண்ணை வட்டாரத்தில் மூளைக்காய்ச்சல் என்றவுடன் ஜே.ஈ. நினைவுக்கு வந்தது இயல்பே. தொடக்கத்தில் சோதிக்கப்பட்ட நோயாளிகள் சிலரின் இரத்தத்தில் ஜே.ஈ. எதிர்ப்பொருளும் காணப்பட்டது. அந்த நோய் எப்போதும் இருந்துவரும் ஒரு நாட்டில், சிலரிடம் அதன் தடயம் இருப்பதில் வியப்பில்லை. ஆனால், அப்போது அது உறுதிச் சான்றாகவே தோன்றியது.

முடிவு தெரிந்துவிட்டதால் செயலும் தொடங்கியது. ஊர் ஊராகக் கொசுப்புகை அடித்தனர். மனிதர்களுக்கும் பன்றிகளுக்கும் ஜே.ஈ. தடுப்பூசி போடப்பட்டது. அரசாங்கம் கைகட்டி நின்றது என்று எவரும் சொல்ல முடியாது, கடுமையாக உழைத்தனர். ஆனால், உழைப்பு முழுவதும் கொசுவை நோக்கியே சென்றது. பன்றிகளுக்கு ஊசி போடும்போது ஒரே ஊசி பல பன்றிகளுக்குப் பயன்பட்டிருந்தால், அதுவே பண்ணைக்குள் நோயைப் பரப்பியிருக்கக்கூடும் என்றும் பின்னாளில் ஆய்வாளர்கள் ஐயுற்றனர்.

கொசுவை விரட்டியும் நோய் குறையவில்லை. மாறாக அது தெற்கே நகர்ந்தது. ஈப்போ வட்டாரத்தில் அச்சம் பரவியதும் பண்ணைக்காரர்கள் பன்றிகளை மலிவாக விற்றுத் தள்ளினர். லாரியில் ஏறிய பன்றிகளோடு வைரஸும் பயணம் செய்தது. 1998 இறுதியில் சிரம்பானை அடுத்த சிகாமட்டிலும், அதன் பின்னர் போர்ட்டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா பகுதிகளிலும் நோய் தோன்றியது. நாட்டின் மிகப் பெரிய பன்றி வளர்ப்பு வட்டாரங்களுள் ஒன்று அது. உயிரிழப்புகளில் பெரும்பகுதி அங்கேதான் நிகழ்ந்தது. கொசு இவ்வளவு தூரம் பறந்து வருவதில்லை. லாரி வரும்.

யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை

நுண்ணோக்கி இல்லாமலேயே கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. நோய் யாருக்கு வந்திருக்கிறது? அதைவிட முக்கியமாக, யாருக்கு வரவில்லை?

ஜே.ஈ. பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும் நோய். இங்கோ நோயுற்றவர்கள் வளர்ந்த ஆண்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 94 பேரை ஆராய்ந்தபோது அவர்களின் சராசரி வயது 37 என்றும், நூற்றுக்கு 93 பேர் பன்றிகளோடு நேரடித் தொடர்பு உடையவர்கள் என்றும் தெரியவந்தது. பண்ணை உரிமையாளர்களான சீனர்கள் மிகுதி. பண்ணைகளில் கூலிக்கு இருந்த இந்தியர்களும் அவர்களோடு சேர்ந்து நோயுற்றனர். பண்ணைக்கு அருகிலேயே குடியிருந்த மலாய்க்காரர்களுக்கு நோய் வரவில்லை. கொசுவுக்கு இனமோ மதமோ தெரியாது. அது கடித்திருந்தால் எல்லாரையும் கடித்திருக்கும். எனவே நோய் கொசுவால் வரவில்லை, பன்றியைத் தொட்டதால் வந்தது என்ற முடிவுக்கு இந்த ஒரு வேறுபாடே நம்மை இட்டுச்செல்கிறது.

தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயுற்றனர். பன்றிகளும் நோயுற்றன, இதுவும் பொருந்தாத ஒன்று. ஜே.ஈ. கிருமி வளர்ந்த பன்றியைப் பொதுவாக வாட்டுவதில்லை. சினைப்பன்றிகளுக்குக் கருச்சிதைவு உண்டாக்கும், அவ்வளவே. இப்பண்ணைகளிலோ பன்றிகள் மூச்சிரைத்து, தொலைவிலும் கேட்கும்படி உரக்க இருமின. நாய் குரைப்பது போன்ற இருமல் என்று அதனை வருணித்திருக்கிறார்கள். ஆயினும், வளர்ந்த பன்றிகளில் நூற்றுக்கு 5க்கும் குறைவாகவே மடிந்தன. பெருவாரியாகச் செத்து விழுந்திருந்தால் ஒருவேளை முன்னரே விழித்திருப்பார்கள். இருமும் பன்றி விலைபோகும். செத்த பன்றிதான் விலைபோகாது.

பண்ணையில் வேலை செய்தவர்களுக்கு இவையெல்லாம் கண்கூடாகத் தெரிந்தவை. பன்றி இருமுகிறது, அதைப் பிடித்தவன் படுத்துவிட்டான், ஊசி போட்டவனும் படுத்துவிட்டான். இந்தச் செய்திகளை ஒன்றுசேர்த்து வாசிக்க வேண்டிய இடத்தில் வேறொரு பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

பெருங்கலங்கள்

1999 மார்ச் மாதத் தொடக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ நுண்ணுயிரியல் துறையில் டாக்டர் சுவா காவ் பிங் என்னும் இளம் ஆய்வாளர், மூளைக்காய்ச்சல் நோயாளிகளின் தண்டுவட நீரை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட உயிரணுக்களின் மீது இட்டார். அவர்களுள் ஒருவர் சுங்கை நிப்பாவைச் சேர்ந்தவர். சில நாள்களில் அந்த உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி இணைந்து, பல உட்கருக்களைக் கொண்ட பெருங்கலங்களாக மாறின. ஜே.ஈ. வைரஸ் இப்படிச் செய்வதில்லை. உயிரணுக்களை இணைப்பது தட்டம்மை வைரஸின் உறவினர்களுக்குரிய குணம்.

பேராசிரியர் லாம் சாய் கிட் தலைமையிலான அத்துறையின் சார்பில் டாக்டர் சுவா அந்த மாதிரிகளைத் தாமே அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார். கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸில் உள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வுக்கூடத்தில் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தனர். தெரிந்தது பாராமிக்ஸோ குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ். அக்குடும்பத்தில் அதற்கு மிக நெருங்கியது, 1994இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பன் நகரில் பந்தயக் குதிரைகளையும் அவற்றின் பயிற்சியாளரையும் கொன்ற ஹென்ட்ரா வைரஸ். உலகம் அதுவரை அறிந்திராத ஒன்று நம் பண்ணைகளில் இருந்தது. நோயாளியின் ஊர்ப்பெயரையே அதற்குச் சூட்டினர்.

ஊர்ப்பெயரை நோய்க்கு வைப்பது சரியா என்பது தனிக் கேள்வி. 2015இல் உலகச் சுகாதார நிறுவனம் புதிய நோய்களுக்கு இடப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர் சூட்ட வேண்டாம் என்று அறிவுறுத்தியது. நிப்பாவுக்கு அந்த அறிவுரை பதினாறு ஆண்டு தாமதம். நீர்நிலையோரம் வளரும் ஒரு பனைவகையின் மலாய்ப் பெயர் அது. இன்று உலகில் அச்சொல்லைக் கேட்பவர்களுள் எத்தனை பேருக்கு மரம் நினைவுக்கு வரும்?

வைரஸ் இன்னதென்று தெரிந்ததும் நடவடிக்கையின் திசை ஒரே வாரத்தில் மாறியது. கொசுவை விட்டுப் பன்றியைக் கவனித்தனர். பன்றிகளை இடம் மாற்றுவது தடுக்கப்பட்டது. நோய் கண்ட வட்டாரங்களில் முன்னரே தொடங்கியிருந்த பன்றியழிப்பு இராணுவத்தின் துணையோடு தீவிரமடைந்தது. மொத்தம் ஏறக்குறைய 1.1 மில்லியன் பன்றிகள் அழிக்கப்பட்டன. நாட்டிலிருந்த பன்றிகளில் கிட்டத்தட்டப் பாதி அது. மலேசியாவிலிருந்து பன்றிகளை வாங்கிய சிங்கப்பூரில் அறுப்புக்கூடத் தொழிலாளர்கள் 11 பேர் நோயுற்று ஒருவர் இறந்தார். அங்கும் இறக்குமதி நிறுத்தப்பட்டது. 1999 மே மாதத்திற்குப் பிறகு நம் நாட்டில் நிப்பா நோய் மனிதரிடம் காணப்படவில்லை.

புக்கிட் பெலாண்டோக்கில் பன்றி வளர்ப்பு முடிவுக்கு வந்தது. பண்ணைக்காரர்கள் செம்பனைக்கும் டிராகன் பழத்திற்கும் மாறினர். அங்கே கூலிக்கு இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது நூல்களில் அவ்வளவாக இல்லை. என் பாட்டியின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் அந்தப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் கொட்டகை கழுவும் வேலையில் இருந்தவர். நோய் அவரைத் தொடவில்லை. ஆனால், ஒரே வாரத்தில் வேலையும், பண்ணையை ஒட்டியிருந்த குடியிருப்பும் போயின. "பன்னி வச்சிருந்தவனுக்குக் காசு குடுத்தாங்க, பன்னியக் குளிப்பாட்டுனவனுக்கு யாரு குடுப்பா?" என்பார் பாட்டி. உயிர் பிழைத்தவர்களிலும் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்து மூளைக்காய்ச்சல் திரும்ப வந்தது. 105 என்ற எண்ணுக்குள் இவையெல்லாம் அடங்குவதில்லை.

மாமரத்தடியில்

பன்றிக்கு எங்கிருந்து வந்தது? ஹென்ட்ரா வைரஸ் பழந்தின்னி வௌவால்களிடம் வாழ்வது அதற்கு முன்பே தெரிந்திருந்ததால், இங்கும் வௌவால்களைத் தேடினர். மலாயில் 'கெலுவாங்' எனப்படும் பெரிய வௌவால்கள் இவை. டாக்டர் சுவாவும் அவருடைய குழுவினரும் தியோமான் தீவில் வௌவால்கள் தொங்கும் மரங்களின் கீழ் பிளாஸ்டிக் விரிப்புகளை விரித்துச் சிறுநீரைச் சேகரித்தனர். அந்தச் சிறுநீரிலும், வௌவால் கடித்துப் போட்ட ஒரு பழத்திலும் நிப்பா வைரஸ் இருந்தது. 2002இல் இம்முடிவு வெளிவந்தது.

ஈப்போவுக்கு அருகே நோய் தொடங்கியதாகக் கருதப்படும் பண்ணையில் 30,000க்கு மேற்பட்ட பன்றிகள் இருந்தன. கொட்டகைகளை ஒட்டி மாமரங்கள் நின்றன. பண்ணைக்கழிவு உரமாகும், மாங்காய் கூடுதல் வருமானமாகும், நிழலும் கிடைக்கும். பொருளாதாரப் பாடத்தில் இதற்கு முழு மதிப்பெண் கொடுப்பார்கள். பழுத்த மாம்பழத்தைத் தேடி வௌவால் வரும். அது கடித்துப் போட்ட பழமும் அதன் சிறுநீரும் கொட்டகைக்குள் விழும். பன்றி எதையும் மிச்சம் வைப்பதில்லை.

1997-98இல் இந்தோனேசியக் காட்டுத்தீயும் புகைமூட்டமும் வறட்சியும் காட்டு மரங்களின் காய்ப்பைக் குறைத்ததால் வௌவால்கள் பழத்தோட்டங்களுக்கு வந்தன என்பது முதலில் பரவலாகச் சொல்லப்பட்ட விளக்கம். பிற்கால ஆய்வுகள் வேறொரு காரணத்தை முன்னிறுத்துகின்றன. அது எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. சிறு பண்ணை ஒன்றில் வைரஸ் நுழைந்தால் எல்லாப் பன்றிகளுக்கும் விரைவில் வந்து, பிழைத்தவை எதிர்ப்பாற்றல் பெற்று, பற்ற விறகில்லாத தீபோல அது அணைந்துவிடும். மிகப் பெரிய பண்ணையிலும் முதல்முறை அப்படித்தான். ஆனால், சில மாதங்களில் வௌவால் அதை மீண்டும் கொண்டுவந்து போடும்போது நிலைமை வேறு. பாதிப் பன்றிகளிடம் எதிர்ப்பாற்றல் இருக்கும். மறுபுறம் குட்டிகள் நாள்தோறும் பிறந்துகொண்டே இருக்கும். தாயிடமிருந்து பெற்ற காப்பு சில மாதங்களில் நீங்கியதும் அக்குட்டிகள் புதிய விறகாகும். தீ கொழுந்துவிட்டு எரியாது, அணையவும் செய்யாது. மாதக்கணக்கில் கனன்றுகொண்டேயிருந்து, தொழிலாளிக்கும் பக்கத்துப் பண்ணைக்கும் தாவும். எனவே ஓராண்டுப் புகைமூட்டத்தைவிட, பழமரமும் பெரும்பண்ணையும் ஒரே இடத்தில் வளர்ந்ததே அடிப்படைக் காரணம் எனலாம். அதன் பின்னர்ப் பன்றிக் கொட்டகைகளுக்கு அருகே பழமரம் இருக்கக்கூடாது என்று வலியுறுத்தப்பட்டது. எத்தனையோ மருந்துகளைவிட அந்த எளிய ஏற்பாடு பெரிது என்பது என் கருத்து.

வௌவால்களைக் கொன்றுவிட்டால் என்ன என்று கேட்போரும் உளர். டுரியான் பிரியர்கள் அந்தக் கேள்வியைக் கேட்காமலிருப்பது நல்லது. டுரியான் பூ இரவில் மலர்வது. அதில் மகரந்தம் சேர்ப்பவை வௌவால்கள். தியோமானில் பெரிய பழந்தின்னி வௌவால்களும் இப்பணியைச் செய்வது ஆய்வில் உறுதிப்பட்டுள்ளது.

கப்பிட்டில் ஒரு கண்ணாடித் துண்டு

பழைய பெயர் புதிய நோயை மறைத்த இன்னொரு நிகழ்ச்சி சரவாக்கில் நடந்தது. கப்பிட் மாவட்டத்தில் மலேரியா நோயாளிகள் பலருக்கு 'மலேரியே' என்னும் வகை இருப்பதாக நுண்ணோக்கிச் சோதனைகள் காட்டின. அவ்வகை மெதுவாகப் பெருகும் சாதுவான ஒட்டுண்ணி; 72 மணி நேரத்திற்கு ஒருமுறைதான் பெருகும். ஆனால், கப்பிட் நோயாளிகளோ அதற்குப் பொருந்தாத அளவு கடுமையாக நோயுற்றனர். சரவாக் மலேசியப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ்-சிங்கும் மரபணுச் சோதனை செய்தனர். 2004இல் முடிவு வெளியானது. சோதிக்கப்பட்ட 208 பேரில் 120 பேரிடம் இருந்தது 'நோலெசி'. குரங்குகளின் மலேரியா அது. இரத்தப்படலத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தோன்றும். நோலெசியோ 24 மணி நேரத்திற்கு ஒருமுறை பெருகும். சில நாள்களில் உயிரையே பறிக்க வல்லது.

இங்கு உண்மையிலேயே கொசுதான் வழி. நீண்டவால் குரங்குகளையும் பன்றிவால் குரங்குகளையும் கடித்த காட்டுக் கொசு, காட்டோரம் வேலை செய்யும் மனிதனையும் கடிக்கிறது. 2018 முதல் நம் நாட்டில் உள்ளூரிலேயே தொற்றிய மனித மலேரியா பதிவாகவில்லை. பாராட்டத்தக்க சாதனை அது. ஆனால், அதே 2018இல் நோலெசி நோயாளிகள் ஆயிரக்கணக்கில் பதிவாயினர். மனிதனை மட்டும் மருந்து கொடுத்துக் காக்கலாம். காட்டிலுள்ள குரங்கை என்ன செய்வது?

ஆட்டுப்பால்

நம் வீட்டுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு பினாங்கில் கிடைக்கிறது. 2010-11ஆம் ஆண்டுகளில் அங்கு 79 பேருக்குப் புரூசெல்லோசிஸ் என்னும் நோய் கண்டது. பெரும்பாலோர் ஒரே பண்ணையிலிருந்து வந்த காய்ச்சாத ஆட்டுப்பாலைக் குடித்தவர்கள். வாரக்கணக்கில் விட்டு விட்டு வரும் காய்ச்சல், வியர்வை, மூட்டுவலி, சோர்வு ஆகியவையே இதன் அறிகுறிகள். எந்த நோயின் பெயரை வேண்டுமானாலும் இதற்குச் சூட்டிவிடலாம். ஆட்டுப்பால் குடித்தீர்களா என்று யாரேனும் கேட்டால்தான் உண்மை வெளிப்படும்.

ஆட்டுப்பால் ஆஸ்துமாவுக்கு நல்லது, நெஞ்சுச்சளிக்கு நல்லது என்று நம்மவர் நம்புவதும், 'பச்சையாகக் குடித்தால்தான் சத்து' என்று சிலர் வற்புறுத்துவதும் நாம் அறிந்ததே. நம் முன்னோர் பாலைக் காய்ச்சித்தான் குடித்தனர். பொங்க வைத்துத்தான் கொண்டாடினர். பச்சைப்பால் மோகம் எந்த மரபிலிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஒரு கொதி போதும், அந்தக் கிருமி இறந்துவிடும்.

இரண்டு நாளில்

நிப்பா மலேசியாவை விட்டு அகன்றதே ஒழிய உலகை விட்டு அகலவில்லை. வங்காளதேசத்தில் 2001 முதல் ஏறக்குறைய ஆண்டுதோறும் தோன்றுகிறது. அங்கே பன்றிக்கு வேலையில்லை. இரவில் ஈச்சமரத்தில் கட்டிய பானையில் வடியும் சாற்றை வௌவால் நக்கிச் செல்ல, விடியற்காலையில் அதே சாற்றை மனிதர் காய்ச்சாமல் குடிக்கின்றனர். நோயுற்றவரிடமிருந்து பிறருக்கும் அங்கே பரவுகிறது. நம் நாட்டில் பத்துக்கு நால்வர் இறந்தனர். அங்கே பத்துக்கு எழுவர்.

2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் பேராம்பிரா என்னும் ஊரில் ஓர் இளைஞர் மூளைக்காய்ச்சலால் இறந்தார். சில நாள்களில் அவருடைய அண்ணன் அதே அறிகுறிகளோடு கோழிக்கோட்டுத் தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு வந்தார். ஒரே வீட்டில் இரண்டாவது ஆள் என்பதைக் கேட்டறிந்த மருத்துவர்கள் அங்கேயே நின்று யோசித்தனர். வழக்கமான மூளைக்காய்ச்சல் ஒரு வீட்டில் இப்படி அடுத்தடுத்து வருவதில்லை. மாதிரிகள் மணிப்பால் வைரஸ் ஆய்வு மையத்திற்கு அனுப்பப்பட்டன. இரண்டொரு நாளில் விடை கிடைத்தது: நிப்பா. முதல் இளைஞரைக் கவனித்துக்கொண்ட செவிலியர் லினி உட்பட 17 பேர் உயிரிழந்தனர். இருப்பினும், தொடர்பில் இருந்தவர்களைத் தேடித் தனிமைப்படுத்தியதால் ஜூன் மாதத்திற்குள் அது அடங்கியது. இங்கு ஆறு மாதம் எடுத்த வேலை அங்கு இரண்டு நாளில் முடிந்தது. நோயை இனங்காணும் சோதனை அவர்களிடம் இருந்ததற்கு 1999இல் கோலாலம்பூரில் பிடிபட்ட வைரஸே காரணம். ஆயினும், சோதனையை யாரேனும் கேட்டால்தானே செய்வார்கள்? கேட்க வைத்தது "வீட்டில் வேறு யாருக்கு வந்தது?" என்ற கேள்வி.

நிப்பாவுக்கு அங்கீகாரம் பெற்ற தடுப்பூசியோ மருந்தோ இல்லை. 2024இல் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகம் தடுப்பூசி ஒன்றை மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கியது.

இன்றைய பழைய பெயர்

இன்று நம் நாட்டில் எந்தக் காய்ச்சலுக்கும் முதலில் வந்து நிற்கும் பெயர் டெங்கி. பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும்; டெங்கி அவ்வளவு பரவலானது. எலியின் சிறுநீர் கலந்த நீரால் வரும் எலிக்காய்ச்சலும், நோலெசியும் முதல் சில நாள்களில் டெங்கி போலவே தோன்றுகின்றன. மூன்றிலும் காய்ச்சல், உடல்வலி, இரத்தத் தட்டணுக்கள் குறைதல் உண்டு. ஆனால், எலிக்காய்ச்சலுக்கு நுண்ணுயிர்க்கொல்லி வேண்டும், நோலெசிக்கு மலேரியா மருந்து வேண்டும். டெங்கிக்கு இவ்விரண்டும் பயன்படா.

நம் மாணவர்கள் விடுமுறையில் நீர்வீழ்ச்சிக்கும் மலையேற்றத்திற்கும் போகிறார்கள். சிலர் தோட்டத்து வீட்டிற்குத் திரும்பி மாட்டுக்கொட்டகையும் கழுவுகிறார்கள். வந்த பிறகு காய்ச்சல் கண்டால், மருத்துவர் கேட்காவிட்டாலும் அவற்றைச் சொல்லிவிடுங்கள். எந்த ஆற்றில் குளித்தோம், காலில் புண் இருந்ததா, எந்தக் காட்டில் தங்கினோம், அங்கே குரங்குகள் இருந்தனவா, காய்ச்சாத பால் குடித்தோமா, உடன் வந்தவர்களில் வேறு யாருக்குக் காய்ச்சல் என்பனவே அவை. டெங்கிச் சோதனை இல்லையென்று வந்தும் காய்ச்சல் இறங்காவிட்டால், மலேரியாவுக்கு இரத்தப்படலம் எடுக்கும்படி கேளுங்கள். அன்றைய நாளே எடுக்கச் சொல்லுங்கள். நோலெசி ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் பெருகுகிறது.